சுடுகாட்டு முனை வேகத்தடை

எங்கள் ஊரில் செல்போனுக்கு டவர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது சுடுகாட்டு முனை. அரியலூர் பக்கமெல்லாம் சுண்ணாம்புக்கல் தோண்டித் தோண்டி, தோண்டிய மண்ணை மேடு மேடாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மேடுகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடக்கிறது ஊர். வீட்டுக்குள் போன் அடிக்காது. மாடியில் ஏறினால் ஒரு கோடு வரும். பேச ஆரம்பித்ததும் போய்விடும். ஊருக்குத் தெற்கே மெயின் ரோட்டில், சுடுகாட்டுக்கு இறங்கும் மண்பாதையின் முனையில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் மட்டும் டவர் முழுசாக நிற்கும். சாயங்காலமானால் ஊர் ஆண்கள் எல்லோரும் அங்கேதான். துபாயில் இருக்கும் மகனோடு பேசுவது, பேங்க் மெசேஜ் பார்ப்பது, கிரிக்கெட் பார்ப்பது எல்லாமே செத்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பெண்கள் அங்கே போவதில்லை. யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. ஆனாலும் போவதில்லை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஓர் அடிபம்பு இருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு அந்த அடிபம்பு வரை வருவோம். அங்கேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அதற்கு அப்பால் ஆண்கள் பாடு. பஸ்ஸில் போகும்போதுகூட அந்த இடம் வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வோம். நான் பால்வாடி டீச்சர். பிள்ளைகளின் எடை, உயரம், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தினமும் போனில் ஏற்றி அனுப்ப வேண்டிய வேலை என்னுடையது. அதற்காகக்கூட நான் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. விவரத்தை எல்லாம் போட்டு முடித்துப் போனைக் கொழுந்தனாரிடம் கொடுப்பேன். கொத்து வேலை முடிந்து வந்ததும் அவர் பாலத்துக்குப் போய் அனுப்பிவிட்டுத் திருப்பித் தருவார். ஊரில் பாதிப் பெண்களின் போன் இப்படித்தான் ஆண்கள் கையில் சுடுகாடு போய் வந்துகொண்டிருந்தது. இதில் ரகசியம் பேசுவது எப்படி என்று கேட்காதீர்கள். எங்களுக்கு ரகசியமே கிடையாது.

ஊருக்கு வடக்கே, பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. வீடுகள் ரோட்டுக்குக் கிழக்கே. பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ரேஷன் கடை எல்லாம் மேற்கே. எதற்குப் போவதானாலும் அந்த வளைவில்தான் ரோட்டைக் கடக்க வேண்டும். சுரங்க மண்மேடு ஒன்று ரோட்டை ஒட்டி வளர்ந்து வளைவை மறைத்துவிட்டது. கல் ஏற்றிய டிப்பர் லாரி வருகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்டுத்தான் கடக்க வேண்டும். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அந்த வளைவில்தான் போனார். காலையில் மொபெட்டில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் புறப்பட்டவர். நான் பின்வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டு ஓடிப்போனபோது ரோடு முழுக்கப் பால். இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவு வருவது அந்தப் பால்தான், அவர் முகம் அல்ல. அதற்காக என்மேல் எனக்கே கோபம் வரும்.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுவந்து அதிக நேரம் வைத்திருக்கவில்லை. பாடை கிளம்பியது. நானும் கிளம்பினேன். அடிபம்படியில் நிறுத்தினார்கள். நான் திமிறினேன். பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டு, "போதும் கண்ணு, இதுக்கு மேல நாம போகக் கூடாது" என்றார்கள். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ரோட்டில் யாரும் இல்லை. எங்களுக்கு மகன் இல்லை, ஒரே பெண்தான். கொழுந்தனார்தான் கொள்ளி வைத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் எனக்குத் தெரியாத இடத்தில் நடந்து முடிந்தது.

பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது ஒருநாள் முகத்தைத் திருப்பாமல் பார்த்தேன். சீமைக்கருவேல முள்ளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

அவர் போன அன்றே ஊர் மறியல் செய்தது. லாரிகள் வரிசையாக நின்றன. அதிகாரிகள் வந்தார்கள், வேகத்தடை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், மறியல் கலைந்தது. அதோடு சரி. பொறுத்துப் பார்த்த பையன்கள் பனங்கட்டையை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு மண்ணை அணைத்து அவர்களாகவே ஒரு தடை கட்டினார்கள். போலீஸ் வந்து பெயர்த்துப் போட்டுவிட்டு, இன்னொரு தடவை செய்தால் கேஸ் என்று சொல்லிவிட்டுப் போனது. ஊர் அடங்கிவிட்டது. சொந்த ரோட்டில் சாவதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

என் மகள் ஐந்தாவது வரை எங்கள் தெருவிலேயே இருக்கும் தொடக்கப் பள்ளியில் படித்தாள். ஆறாவதுக்கு மேற்கே போக வேண்டும். அப்பனை அடித்த அதே வளைவைத் தினமும் இரண்டு தடவை கடக்க வேண்டும். எனக்கோ அந்த நேரத்தில்தான் பால்வாடி திறக்கும். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வாசலில் நிற்பார்கள். "நான் பாத்துப் போயிக்கிறேம்மா" என்பாள். பார்த்துப் போகிற வளைவா அது? அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைக்கும் வரை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு எனக்கே கேட்காது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். இரும்புக் குண்டை விழுங்கிவிட்டு நடமாடுவதுபோல இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கிராம சபைக் கூட்டத்துக்கு ஓர் அம்மா அதிகாரி வந்தார். வளைவைப் பற்றி ஊரே கத்தியது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்பெல்லாம் மனு எழுதிட்டு அலைய வேண்டாங்க. எந்த எடத்துல ஆபத்து இருக்கோ அத போன்ல போட்டோ எடுத்து, ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. ஒருத்தர் அனுப்புனா ஒரு மனு. ஊரே அனுப்புனா யாரும் தட்டிக் கழிக்க முடியாது" என்றார். எப்படி அனுப்புவது என்று அவருடைய போனிலேயே காட்டினார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். போனில் ஏற்றி அனுப்புவது எனக்குப் பழகிய வேலையாயிற்றே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைவில் போய் நின்று போட்டோ எடுத்தேன். 'மண்மேடு மறைக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடம், வேகத்தடை வேண்டும்' என்று எழுதினேன். எழுதும்போது என் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வழக்கம்போல் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். பாலத்துக்குப் போய் அனுப்பிவிட்டு, "போயிருச்சு அண்ணி, நம்பர்கூட வந்துருச்சு" என்று போனைத் தந்தார்.

பிறகு வீடு வீடாகப் போனேன். என் குணம் ஊருக்குத் தெரியும். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். பெண்கள் தங்கள் தங்கள் போனோடு வளைவுக்கு வந்தார்கள். சிலர் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். ரோட்டைப் போட்டோ எடுப்பதென்றால் ரோட்டோடு தாங்களும் நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். "ஏக்கா, பொண்ணு பாக்கவா வர்றாங்க? தள்ளி நில்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு அந்த வளைவில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. போட்டோவை எடுத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்து, எல்லாப் போன்களும் அந்தந்த வீட்டு ஆண்கள் கையில் பாலத்துக்குப் போயின. அன்று சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் இடமே இல்லையாம். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி இருந்தது என்று கொழுந்தனார் சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை நடந்தது. அந்த மழைக்காலம் கழிந்து பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம், ஒருநாள் காலையில் தார் வண்டியும் ரோலரும் வந்தன. பால்வாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டிகள் ஊரைத் தாண்டித் தெற்கே போயின. சுடுகாட்டு முனையிலிருந்து ஆரம்பித்துக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்த கொழுந்தனார், "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு போட்டாச்சு அண்ணி. வெள்ளைக் கோடுகூட அடிக்கிறாங்க. மஞ்ச லைட்டு ஒண்ணு நட்டுருக்காங்க" என்றார். "வளைவுக்கு எப்ப வராங்களாம்?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "ரோலர லாரில ஏத்திட்டு இருக்காங்க" என்றார்.

பிள்ளைகளை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அடிபம்பு வரை ஓடினேன். அங்கே கால் தானாக நின்றுவிட்டது. கொழுந்தனார் மட்டும் மேலே போய் இன்ஜினியரிடம் பேசினார். சின்ன வயசு இன்ஜினியர், வெளியூர்க்காரர். என்னைப் பார்த்து, "வாங்கம்மா, வந்து சொல்லுங்க" என்று கையசைத்துக் கூப்பிட்டார். நான் அசையவில்லை. ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கொழுந்தனார் எதையோ சொன்னார். பிறகு அவரே வெயிலில் என்னிடம் நடந்து வந்தார்.

"தப்பான எடத்துல போட்டுட்டீங்க சார்" என்றேன். "நாங்க கேட்டது வடக்க, வளைவுல."

அவர் கையிலிருந்த டேப்லட்டைத் திருப்பிக் காட்டினார். ரோட்டுப் படத்தில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் சுடுகாட்டு முனையில். வளைவில் ஒன்றுகூட இல்லை.

"அம்மா, நீங்க எங்க போட்டோ எடுக்குறீங்கங்கறது இதுல வராது. எங்கேருந்து அனுப்புறீங்களோ அந்த எடம்தான் வரும். உங்க ஊர்லேருந்து வந்த மனு அத்தனையும் இதே எடத்துலேருந்துதான் வந்துருக்கு. இவ்வளவு மனு ஒரே எடத்துக்கு வந்ததால எங்க ஆபீஸ்ல இதத்தான் முதல்ல எடுத்தாங்க" என்றார். போட்டோவில் வளைவு தெரிகிறதே என்றேன். "இங்கயும் ரோடு லேசா வளையுதும்மா. நாங்க இதுதான்னு நெனச்சுட்டோம்" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. திட்டுவதற்கு வாய் வரை வந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டேன்.

பெண்கள் போகக் கூடாத இடத்துக்கு எங்கள் போன்கள் போயிருந்தன. போன் எங்கே போனதோ அங்கேதான் ஆபத்து என்று அந்த ஆபீஸ் எடுத்துக்கொண்டது. யாரைக் குறை சொல்வது? சாயங்காலத்துக்குள் செய்தி பரவி ஊரே சிரித்தது. "பொணம் ரோட்டுல போறப்ப லாரி மோதிடக் கூடாதுல்ல, அதான்" என்றார் ஒருவர். "பிள்ளையார் புடிக்கக் கொரங்காப் போச்சே டீச்சர்" என்றார் இன்னொருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாலையில் பாலத்துக்குப் போய்த் திரும்பிய போனில் ஒரு செய்தி வந்திருந்தது: மனுவுக்குத் தீர்வு காணப்பட்டது. கூடவே புது வேகத்தடையின் போட்டோ. வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது.

அடுத்த தடவை அரியலூருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மறுபடியும் மனு போட்டேன். இந்தத் தடவை இடத்தை எழுத்திலேயே விவரமாக எழுதினேன். பதில் சீக்கிரமே, அடுத்த தடவை அரியலூர் பஸ்ஸில் போகும்போது வந்தது. 'இவ்வூருக்கு வேகத்தடை ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளது. அருகில் மற்றொன்று அமைக்க வழியில்லை.' படித்துவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

பங்குனி மாதம் ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். பாவாடையெல்லாம் மண். முழங்கையில் சிராய்ப்பு. நேராகப் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். கூடப் போன பிள்ளைதான் சொன்னாள். லாரி வந்தது தெரியவில்லையாம். இவள் நடு ரோட்டில் இருந்தாளாம். டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பினாராம். மண் பக்கம் விழுந்து உருண்டாளாம். டிரைவர் இறங்கி வந்து இவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாராம்.

அன்று முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. லாரிகள் மெதுவாகப் போகிற இடம் எங்கள் ஊரில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பாலத்துக்கு எதிரே, ரோட்டுக்கு மேற்கே சோளக்காட்டு வரப்பில் நடந்தால் பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்கே போய்விடலாம். கொஞ்சம் சுற்றுதான். ஆனால் உயிரோடு போகிற சுற்று.

காலையில் அவளுக்குச் சடை பின்னும்போது சொன்னேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். எதிர்வீட்டு அக்காவும் காதில் வாங்கிவிட்டார். எங்கள்மேல் பிரியமுள்ளவர். வாசலுக்கு வந்து மறித்துக்கொண்டு நின்றார்.

"வயசுக்கு வரப்போற புள்ளையச் சுடுகாட்டு வழியா கூட்டிட்டுப் போவியா? காத்துக் கருப்பு அடிச்சா யாரு பாக்குறது?"

"அங்க இருக்கறவங்க யாரும் லாரி ஓட்டறதில்லக்கா" என்றேன்.

அவர் வாசலை விட்டு விலகினார். சொன்ன பிறகு, கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று இருந்தது. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பால்வாடியைத் திறந்து வைக்கும்படி ஆயாம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அடிபம்பு வந்தது. என் கால் நின்றது. மகள் நிற்கவில்லை, அவள் கை என் கையை இழுத்தது. தாண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாய் குறுக்கே போனது. ரோட்டோரச் செடிகளில் எல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூசி.

கல் ஏற்றிய லாரி ஒன்று தெற்கேயிருந்து வந்தது. மஞ்சள் விளக்கைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது, பின்னால் கல் குலுங்கும் சத்தம் கேட்டது. டிரைவர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், கடந்துபோங்கள் என்று. கடந்தோம். அவ்வளவு எளிதாக ஒரு ரோட்டைக் கடந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

மகள் திரும்பிச் சுடுகாட்டைப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கருவேலம் மறைக்கவில்லை. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, கறுத்த தரை, உடைந்த கலயங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. இத்தனை காலம் மனதுக்குள் நான் என்னென்னவோ கட்டி வைத்திருந்தேன். இது ஓர் இடம், அவ்வளவுதான்.

"அப்பாவ எங்கம்மா வச்சாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. பதிமூன்று வருஷம் அவரோடு ஒரே பாயில் படுத்தவள் நான். அவருக்கு எந்தப் பல் வலிக்கும் என்று தெரியும். அவரை எங்கே வைத்து எரித்தார்கள் என்று மட்டும் தெரியாது. அப்போதுதான் கொழுந்தனார் பைக்கை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். எதிர்வீட்டு அக்கா சொல்லி, தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தடுக்கவில்லை.

"கொட்டாய்க்குள்ள இல்ல பாப்பா" என்றார். "அன்னைக்கு உள்ள வேற ஒருத்தருக்கு நடந்துட்டு இருந்துச்சு. அதனால வெளிய. அந்தத் தொட்டிக்கு இந்தப் பக்கம், வேம்பு கன்னு நிக்குதுல்ல, அங்க. அது நான் வச்ச கன்னுதான்."

கன்று நன்றாகத் துளிர்த்திருந்தது. யாரோ தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நான் கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் தெனம் டவருக்கு மட்டும் இங்க வரல அண்ணி."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழி. நாலைந்து நாளில் எதிர்வீட்டு அக்காவே தன் பேரனை என்னோடு அனுப்பினார். "நீ போறல்ல, அவனையும் இழுத்துட்டுப் போ" என்றார், ஏதோ எனக்கு உதவி செய்வதுபோல. பிறகு இன்னும் சில தாய்மார்கள் வந்தார்கள். முதல் நாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அடுத்த நாள் சாதாரணமாக வருவார்கள். நான் வேகத்தடை ஓரம் நின்று கையைக் காட்டிப் பிள்ளைகளைக் கடத்திவிட்டுப் பால்வாடிக்கு ஓடுவேன். ஓடுவதற்கு முன் அந்தக் கன்றை ஒரு பார்வை பார்ப்பேன். உள்ளே போனதில்லை. ரோட்டில் நின்று பார்ப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு பார்வைக்காகவே நான் சீக்கிரம் எழுந்திருக்கிறேன்.

எல்லோரும் வரவில்லை. மேலத் தெருவில் யாரும் பிள்ளையை அந்த வழியில் அனுப்பவில்லை. தப்பென்று சொல்ல மாட்டேன். நானே எவ்வளவு காலம் அடிபம்படியில் நின்றவள். அவர்களுடைய பிள்ளைகள் இன்னமும் வளைவில்தான் கடந்தார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் பள்ளிச் சட்டைகள் ரோட்டோரம் தயங்கி நிற்பது தெரியும். அவர்கள் கடந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வாரம் ஒரு காலையில், பிள்ளைகளைக் கடத்திவிட்டு நின்றபோது என் போன் அடித்தது. என் கையில் இருக்கும்போது அந்தப் போன் அந்த ஊரில் அடித்ததே அன்றுதான். ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"வணக்கம் மேடம். ரோட்டுல வேகத்தடை வேணும்னு நீங்க மனு போட்டிருந்தீங்க. வேலை முடிஞ்சதா பதிவாகியிருக்கு. தடை அங்க இருக்குதுங்களா?"

"இருக்கும்மா. அதுமேலதான் நிக்கிறேன்."

"வண்டிங்க மெதுவா போகுதுங்களா?"

"போகுது."

"அப்ப திருப்தின்னு போட்டு முடிச்சுக்கலாங்களா மேடம்?"

நான் வடக்கே பார்த்தேன். வளைவில் மூன்று பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. முடிக்காத. தடை எடம் மாறிப் போச்சு. வளைவுல வரவேண்டியது சுடுகாட்டுல வந்துருச்சு. அப்படியே எழுது."

தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தயங்கினாள். "மேடம், உங்க ரெண்டாவது மனுவுல, உங்க ஊருக்கு ஒரு எடத்துலதான் போட முடியும்னு குறிப்பு இருக்கு. எடம் தப்புன்னு நீங்க எழுதச் சொன்னா மறுபடியும் வந்து பாப்பாங்க. ஆனா இதப் பேத்து எடுத்துட்டுத்தான் அங்க போடுவாங்க. பரவாயில்லைங்களா?"

வேப்பங்கன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இதை எடுத்துவிட்டால் பிள்ளைகள் வளைவுக்கே போய்விடுவார்கள். பெண்கள் யாருக்கும் இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இருக்காது. ஊர் பழையபடி அடிபம்போடு நின்றுவிடும். இத்தனை நாள் யாரும் என்னைக் கேள்வி கேட்காததற்குக் காரணம், பிள்ளையை ரோடு கடத்துகிறாள் என்பதுதான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். எடுக்கட்டும். அங்கயே போடச் சொல்லி எழுதும்மா."

"நீங்க தெனம் அங்கதான் கடக்குறீங்க போல இருக்கே. எடுத்துட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"எம்பொண்ணு அங்க கடந்துக்குவா. எங்க வூட்டுக்காரரு இங்க இருக்காரு. அவரப் பாக்க வர்றதுக்கு எனக்கு இனிமே ரோடு ஒண்ணும் போட்டுத் தர வேண்டாம். நான் வந்துக்குவேன்."

"சரிங்க மேடம், எழுதிக்கிறேன்" என்றாள்.

போனைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மண்பாதையில் இறங்கிக் கன்று வரைக்கும் நடந்தேன்.